அல்பிரட் ரோஸின் குரலும் என் தந்தையின் ஒலிநாடாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொங்கணி மொழியின் மேடைப் பாடகரும் நாடகக் கலைஞருமான அல்பிரட் ரோஸ் 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி காலமானார். ஆண்டுதோறும் அந்த நாளில் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் ஒரு வீட்டில் அவருக்காக விளக்கொன்று ஏற்றப்படுகிறது. அது என் வீடு. கோவாவுக்கு நான் போனதில்லை. கொங்கணி எனக்குப் பேச வராது. அவரை நேரில் கண்டதுமில்லை. ஆயினும் அவரைப் பற்றித் தங்கள் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணி வந்திருக்கிறேன். இவ்வாண்டும் தள்ளிப்போட்டால் பிறகு எழுத முடியாமலே போகக்கூடிய வயது எனக்கு வந்துவிட்டபடியால், கடிதம் சற்று நீண்டாலும் பொறுத்துப் பிரசுரிக்குமாறு வேண்டுகிறேன்.

1984ஆம் ஆண்டு நான் குவைத்துக்குப் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் பலருக்குப் பிரஜாவுரிமை இல்லாதபடியால், கடவுச்சீட்டு எடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அப்போது சிலரே. என் பாட்டனார் விண்ணப்பித்துப் பதிவுப் பிரஜையாகியிருந்த காரணத்தால் எனக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. கட்டட வேலை செய்யும் கம்பனி ஒன்றின் முகாமில், ஏறத்தாழ முந்நூறு பேருக்குச் சமைக்கும் அடுக்களையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். தலைமைச் சமையற்காரர் கோவாவின் பார்தேஸ் பகுதியைச் சேர்ந்தவர்; என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் வெங்காயச் சாக்கை அவிழ்க்கும்போது, அலமாரியின் மேலிருந்த சிறிய டேப் ரெக்கோடரை அவர் முடுக்கிவிடுவார். அதிலிருந்து வந்த குரல்தான் அல்பிரட் ரோஸின் குரல்.

முதல் நாள் அதனை ஆங்கிலப் பாட்டு என்றே நினைத்தேன். இசைக்கருவிகள் அப்படி இருந்தன: எக்காளம், சாக்ஸபோன், பின்னால் தாளம். சில நாட்கள் போன பிறகுதான் பாட்டின் சொற்கள் காதில் தனித்தனியாக விழத் தொடங்கின. 'மோக்' என்ற சொல் அடிக்கடி வந்தது. அது எங்கள் மொழியில் அன்பைக் குறிக்கும் என்று அவர் சொன்னார். தமிழில் நாங்கள் மோகம் என்போம் என்று நான் சொன்னேன். அன்று முதல் ஒவ்வொரு பாட்டின் பொருளையும் அவர் எனக்கு இந்தியிலும் கையசைவிலுமாக விளக்கி வந்தார். உரத்துக் கூவாமல், பக்கத்தில் அமர்ந்து ஒருவர் தம் வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோலப் பாடுகின்ற ஒரு பாங்கு அல்பிரட் ரோஸிடம் இருந்தது. கோவா மக்கள் அவரை 'மெலடி கிங்', அதாவது இன்னிசை மன்னர், என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் எந்த அரசும் கொடுத்ததன்று. கொட்டகையில் சீட்டு வாங்கி உட்கார்ந்த சனங்கள் கொடுத்தது.

கொட்டகை என்று நான் சொல்வதை விளக்க வேண்டும், ஏனெனில் அல்பிரட் ரோஸ் அடிப்படையில் ஒரு நாடகக்காரர். கொங்கணி மக்களின் அந்த நாடகத்துக்குத் 'தியாத்ர்' என்று பெயர். போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. விந்தையான செய்தி என்னவென்றால், இது கோவாவில் பிறக்கவில்லை. 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி பம்பாயில், லூக்காசினோ ரிபெய்ரோ என்பவர் மேடையேற்றிய 'இத்தாலியன் பூர்கோ' என்ற நாடகமே முதல் தியாத்ர் எனக் கொள்ளப்படுகிறது. பம்பாயில் அப்போது வாழ்ந்த கோவாக்காரர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்தவர்கள்: கப்பலில் வேலை செய்தோர், சமையற்காரர், தையற்காரர், ஆயாக்கள். ஒவ்வோர் ஊர்க்காரரும் சேர்ந்து 'குட்' என்ற பெயரில் ஒரு பொது விடுதி வைத்திருந்தார்கள். கப்பல் ஏறும்வரை அங்கே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். ஊரை விட்டுப் பிரிந்த அந்த உழைப்பாளிகளே தியாத்ரின் முதல் இரசிகர்கள். ஜொவாவ் அகொஸ்தின்யோ பெர்னாண்டஸ் அதற்கு உருவம் கொடுத்தார். அவருடைய துணைவியார் ரெஜினா பெர்னாண்டஸ் 1904ஆம் ஆண்டில் மேடையேறி, ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த வழக்கத்தை முதன்முதலில் உடைத்தார்.

தியாத்ரின் அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. கதை பல காட்சிகளாகப் பிரிந்து செல்லும். ஒரு காட்சி முடிந்து திரை விழுந்ததும், உள்ளே அடுத்த காட்சிக்குத் தட்டி மாற்றிக்கொண்டிருக்கும் வேளையில், பாடகர் ஒருவர் தனியாகவோ இருவர் மூவராகவோ திரைக்கு முன்னே வந்து நிற்பார். மேடைக்குக் கீழே வாத்தியக் குழு ஆயத்தமாக இருக்கும். கதைக்கும் அவர் பாடப்போகும் பாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. அரிசி விலை, குடிகாரக் கணவன், வாக்குக் கேட்டு வந்து பிறகு காணாமற்போன அரசியல்வாதி, கடலுக்குப் போன மகனை நினைத்துக் கண்கலங்கும் தாய் என எதைப் பற்றியும் பாடலாம். பாட்டு மனத்தில் தைத்தால் சனங்கள் 'இன்னொரு தரம்' என்று கத்துவார்கள். பாடகர் திரும்பி வந்தே ஆக வேண்டும். இந்தப் பாட்டுக்குக் 'காந்தார்' என்றும், பலவானால் 'காந்தாரம்' என்றும் பெயர். நம் தேவாரப் பண் வரிசையில் காந்தாரம் ஒன்று உண்டு என்பதைக் கேட்டு என் சமையற்கார நண்பர் மிகவும் மகிழ்ந்தார். இரண்டுக்கும் உறவில்லை என்று தெரிந்த பிறகும் அந்த மகிழ்ச்சி அவருக்குக் குறையவில்லை.

அல்பிரட் ரோஸ் 1932ஆம் ஆண்டு பிறந்தவர். இயற்பெயர் ரொசாரியோ அல்பிரட் பெர்னாண்டஸ். பாட்டைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர். தியாத்ரில் நடித்தார். அவருடைய மனைவி ரீட்டா ரோஸும் மேடைப் பாடகியே. கணவனும் மனைவியுமாக அவர்கள் சேர்ந்து பாடிய பாடல்களைக் கேட்கும்போது, அடுப்படியில் இருவர் பேசிக்கொள்வதை வாசலில் நின்று கேட்பதுபோல இருக்கும். 1966ஆம் ஆண்டு வெளிவந்த 'நிர்மோண்' என்ற கொங்கணித் திரைப்படத்திலும் அவருடைய குரல் உண்டு. கடலுக்குப் போன கணவன் இறந்துவிட்டான் என்று நம்பி மனைவி மறுமணம் செய்த பிறகு அவன் திரும்பி வருகின்ற கதை அது. குவைத் முகாமில் எங்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. வெளிநாட்டில் உழைத்த எவரும் அறிவார்.

கொங்கணி, வேலைக்காரர்களின் மொழி என்று ஒரு காலத்தில் இகழப்பட்டது. 1684ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கேய ஆட்சி அந்த மொழியை ஒழிக்க ஆணை பிறப்பித்தது. பின்னாளில் கோவாவின் உயர்குடிகள் வீட்டுக்குள் போர்த்துக்கேயம் பேசி, அடுக்களையில் மாத்திரம் கொங்கணி பேசினார்கள் என்று என் நண்பர் சொல்வார். அந்த அடுக்களை மொழியில் எழுந்த நாடகமும் பாட்டும் என்ன செய்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1967ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா தனியாக வைப்பதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. தியாத்ர்க் கலைஞர்களும் உல்ஹாஸ் புயாவ் போன்ற பாடகர்களும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். தனியாக இருக்க வேண்டும் என்றவர்கள் 34,021 வாக்குகளால் வென்றார்கள். கொங்கணி 1992ஆம் ஆண்டு இந்திய அரசியல் யாப்பின் எட்டாவது அட்டவணையில், அதாவது அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலில், இடம்பெற்றது. இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தியாத்ர் மேடை அந்த மொழியைக் காத்து வந்தது.

கொங்கணி நமக்கு அந்நியம் என்று எண்ணும் வாசகருக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். கண்டியில் 1711ஆம் ஆண்டு உயிர்நீத்த புனித யோசேப்பு வாஸ் அடிகளார் கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர். அவரைப் பின்பற்றி இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரும் அவ்வாறே. அவர் தமிழ் கற்று எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இன்னும் நம் நாட்டுத் தமிழ்க் கோவில்களில் நீட்டி இசைத்து ஓதப்படுகிறது. இதை என் நண்பருக்குச் சொன்ன நாளில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'தேவ் பொரெம் கொரும்' என்றார். கடவுள் நன்மை செய்வாராக என்பது அதன் பொருள். அவர்களுடைய மொழியில் நன்றி சொல்வது அவ்வாறுதான்.

இனி என் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்பிரட் ரோஸைப் பற்றி எழுதத் தொடங்கியவன் ஏன் இங்கே திரும்புகிறான் என்று ஆசிரியர் அவர்கள் எண்ண வேண்டாம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருபவர் என் தந்தையே.

என் தந்தை, மன்மதன் எரிந்த கதையைத் தோட்டங்களில் பாடி ஆடுகின்ற காமன் கூத்தில், இருபத்திரண்டு ஆண்டுகள் மன்மதனின் மனைவி ரதியாக வேடம் கட்டியவர். பகலில் கவ்வாத்து வெட்டுவார், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிப்பார். மாசி மாத அமாவாசை கழிந்து கூத்து நடக்கும் வெளியான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றியதும் அவருடைய நடையே மாறிவிடும். சிவனின் தவத்தைக் குலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி போக விடாமல் மறிக்கின்ற இடமும், மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகின்ற இடமும் அவருக்குரியவை. தப்புப் பறையின் முழக்கம் அடங்கி, தீப்பந்தம் மட்டும் எரிந்துகொண்டிருக்க, முக்காட்டை இழுத்துவிட்டு அவர் முதல் அடியை எடுக்கும்போது, தொழிலாளர் குடியிருப்புகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இடையில் சண்டையில் இருந்தவர்கள்கூட அசையாமல் நிற்பார்கள். பனியில் நனைந்த கம்பளிக்குள் என் தாயின் மடியில் கிடந்து நான் அதைக் கேட்டிருக்கிறேன். புருஷனை இழந்த பெண்கள் அந்த வேளையில் கூட்டத்தை விட்டு விலகிப் போய் வேலியோரம் நின்று அழுவார்கள். அதற்கென்றே வருவார்கள் என்றும் சொல்லலாம். தியாத்ரில் திரைக்கு முன்னே நின்று பாடும் பாடகனும் எங்கள் பொட்டலில் தீப்பந்த வெளிச்சத்தில் நின்ற ரதியும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்பது, அல்பிரட் ரோஸின் பாட்டுக்கு என் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரு விடியற்காலையில்தான் எனக்கு விளங்கியது.

வளைகுடாவில் இருந்தவர்கள் அந்த நாட்களில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவது வழக்கம். என் மனைவிக்கு எழுத வராது; ஆகவே நானும் அவ்வாறே பேசி அனுப்புவேன், ஊரிலிருந்தும் பேசி அனுப்புவார்கள். 1988ஆம் ஆண்டு வந்த ஒரு கசெட்டில் மனைவி பேசினாள், பிள்ளைகள் பேசினார்கள், பின்பு என் தந்தை பேசினார். பேச்சு என்ன, இரண்டு வாக்கியம். சுகமாக இருக்கிறோம், உடம்பைப் பார்த்துக்கொள். பின்னால் சிறிது நேரம் மழைச் சத்தம் மாத்திரம் கேட்டது. அதன் பிறகு, யாரும் கேட்காமலே, ரதி புலம்பலைப் பாடத் தொடங்கினார். கசெட் முடியும் வரையில் பாடினார். ஓர் அடி பாதியில் அறுந்து நின்றது.

அந்தக் கசெட்டை என் நண்பர் என்னோடு அமர்ந்து கேட்டார். முடிந்ததும் மறுபடி ஓடவிடச் சொன்னார். இது யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். இவருடைய கசெட் கடையில் கிடைக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை இந்த வயதிலும் நான் மறக்கவில்லை. கோவாவில் ஒரு மேடைப் பாடகன் மக்கள் மனத்தில் இடம்பிடித்தால் அவனுடைய பாட்டு இசைத்தட்டிலும் கசெட்டிலும் வரும், சிறு புத்தகமாக அச்சாகும், வானொலியில் ஒலிக்கும் என்பது அவருக்கு இயல்பான விடயம். கொழுந்து மலையில் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் பாடுவதைப் பாதுகாக்க எவருக்கும் தோன்றவில்லை என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது? கிடைக்காது என்று மாத்திரம் சொன்னேன்.

என் தந்தை 1989ஆம் ஆண்டு மாசியில் கடைசியாக வேடம் கட்டினார். அவ்வாண்டின் இறுதியில் காலமானார். மரணச் செய்தியும் ஒரு கசெட்டிலேயே வந்தது.

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. மூன்று வாரம் முகாமில் அடைந்து கிடந்தோம். பிறகு ஒரு பஸ் வண்டி கிடைத்தது. ஆளுக்கு ஒரு பை, அதற்கு மேல் எதுவும் ஏற்றக்கூடாது என்றார்கள். தண்ணீரும் ரொட்டியும் கடவுச்சீட்டும் ஒரு மாற்று உடையும் எடுத்துக்கொண்டேன். பக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போய்ப் பாலைவனக் கூடாரத்தில் பன்னிரண்டு நாள் இருந்த பிறகுதான், என் தந்தையின் கசெட் முகாமின் அலமாரி மேலேயே, அல்பிரட் ரோஸின் கசெட்டுகளோடு இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. என் நண்பரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்னுடையவற்றைக் கோவாவின் மாப்புசா சந்தையில் மறுபடி வாங்கிக்கொள்வேன் என்றார். சொன்ன பிறகு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மானில் அவரை பம்பாய் விமானத்திலும் என்னைக் கொழும்பு விமானத்திலும் ஏற்றினார்கள். அல்பிரட் ரோஸ் மறைந்த செய்தியை எனக்குத் தெரிவித்தது அவருடைய கடைசிக் கடிதம்.

இன்று என் பேரன் தன் கைத்தொலைபேசியில் அல்பிரட் ரோஸின் பெயரைத் தட்டினால் அந்தக் குரல் வந்துவிடுகிறது. எக்காளமும் சாக்ஸபோனும் அதே இடத்தில் ஒலிக்கின்றன. கோவாவில் ஏப்ரல் 17ஆம் திகதி தியாத்ர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மறைந்த கலைஞர்களின் பெயரைச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். என் தந்தையின் பாட்டில் எனக்கு எஞ்சியிருப்பது ஒன்பது அடிகள். அவையும் என் மனைவியின் நினைவில் இருந்தவை. மெட்டில் அவளுக்கே ஐயம் உண்டு.

பதிவு என்பது எவ்வளவு பெரிய பேறு என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் சந்தித்தது இலங்கை நாடக மேடையில். கிட்டப்பா 1933ஆம் ஆண்டு முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். ஆனாலும் கிராமபோன் தட்டுகள் இருந்தபடியால், என் பிள்ளைப் பருவத்தில் எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் வீட்டில் அவர் பாடிக்கொண்டே இருந்தார். மறுபுறத்தில், தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தோட்டங்களில் கூட்டம் நடக்கும்போது தாமே புனைந்த பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். அப்பாடல்கள் 1940ஆம் ஆண்டு நூலாக அச்சானமையால் அவற்றை நாம் வாசிக்கிறோம். அவர் பாடக் கேட்ட முதியவர்கள் என் இளமையில் சிலர் இருந்தார்கள். எப்படிப் பாடினார் என்று கேட்டால், கையை மேலே உயர்த்திக் காட்டுவார்களே தவிர, அவர்களால் சொல்ல முடிந்ததில்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அந்தச் சொற்களும் போயிருக்கும். அவர் பென்சிலும் தாளும் கொண்டு செய்த வேலையை இன்று ஒரு பள்ளிப் பிள்ளை கைத்தொலைபேசியால் குரலோடு சேர்த்துச் செய்துவிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் மாசி மாதத்தில் தங்கள் பத்திரிகையின் ஒரு மூலையை, வாரம் ஒரு தடவையேனும், காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளைப் பாடி ஆடும் மூத்த கலைஞர்களுக்கும் தப்புக் கலைஞர்களுக்கும் ஒதுக்கித் தர வேண்டும். பெயர், தோட்டம், வயது, கட்டிய வேடம், யாரிடம் கற்றார் என்ற விவரம், ஒரு படம், அவ்வளவு போதும். பெயர் அச்சில் வந்தால் பேரப்பிள்ளைகள் தாத்தாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் பலரும் வெட்கப்பட்டு மறைக்கின்ற ஒரு திறமைக்கு அது மரியாதை தேடித் தரும். தோட்டங்களில் உள்ள இளைஞர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். கூத்து நடக்கும் இரவில் ஆட்டத்தைப் படம் பிடிக்கிறீர்கள், நல்லது. ஆனால் தப்புச் சத்தத்தில் பாட்டு அமுங்கிவிடுகிறது. மறுநாள் பகலில் கூத்துப் பழக்கும் மாஸ்டரின் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, அவர் மாத்திரம் முழுப் பாட்டையும் பாடப் பதிவு செய்யுங்கள். இன்ன தோட்டம், இன்ன திகதி, பாடியவர் இன்னார் என்று தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லுங்கள். ஒரு பிரதியை உங்களிடமும் ஒரு பிரதியை வேறோர் ஊரிலும் வையுங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் 2005ஆம் ஆண்டு முதல் திரட்டிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். ஒரே ஒரு பிரதியை மாத்திரம் வைத்திருப்பது எத்தகைய ஆபத்து என்பதை அறிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்தில் என் தந்தையோடு மன்மதன் வேடம் கட்டியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். வயது எண்பத்தாறு. பற்கள் இல்லை, குரல் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மன்மதனாக நின்றவருக்கு ரதியின் அடிகளும் தெரிந்திருக்கும், ஏனெனில் ரதியும் மன்மதனும் வாதிடும் தர்க்கப் பாட்டில் ஒருவர் அடியை மற்றவர் வாங்கித்தான் பாட வேண்டும். வரும் போயா தினத்தன்று, பௌர்ணமி விடுமுறையில், பேரனையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போகிறேன். என்னிடமுள்ள ஒன்பது அடிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மெட்டு எங்கே பிழை என்று அவரிடம் கேட்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சமையற்காரர் ஒருவர்,
பொகவந்தலாவை.